தண்ணீர் பார்த்தவள்

படகு மோட்டார் ஓடும்போது அதன் பின்பக்கம் ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் உறிஞ்சப்பட்ட தண்ணீர் எஞ்சினைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு ஒழுங்காக வெளியேறுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பட்டறையில் அதற்கு வைத்திருந்த பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. "ஒண்ணுக்குப் போகுதா?" என்று மெக்கானிக் உள்ளிருந்து கத்துவார். "போகுது" என்று மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் தண்ணீர் டிரம் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி பதிலுக்குக் கத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து பட்டறையில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே உத்தியோகம் அதுதான். தெருவில் அவளுக்குத் தண்ணிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. விவரம் தெரியாதவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் கொஞ்சம் கௌரவமானது. அவரைக் காது என்பார்கள். கோளாறு கண்டுபிடிக்க மோட்டாரைத் தொடவே மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது பிளக்கு", "கியர்ல பல்லு போயிருக்கு" என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். துறையை விட்டு ஒரு படகு கிளம்பினால், சத்தத்தை வைத்தே அது யாருடையது, எந்த வயசு மோட்டார், எப்போது தன்னிடம் வரும் என்றுகூடச் சொல்லுவார். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே இருந்தது. மனைவி ஒருநாள் ஆசையாக ஸ்பேனரை எடுத்தபோது, "வெச்சிருடி, உன் கை பட்டா போல்ட்டு வெக்கப்பட்டுத் தானா கழண்டுக்கும்" என்றார். வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வருஷக்கணக்கில் அதே ஜோக்கை அவர் சொன்னார், வருஷக்கணக்கில் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் உள்ளே எங்கே போய்த் தங்கியதோ தெரியாது.

ஒருநாள் காலையில் மோட்டாரின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, நாக்கு போயிற்று. காது மட்டும் முன்னைப்போலவே இருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அறையில் இரும்புக் கட்டிலில் கிடத்தினார்கள். அவசரத்துக்குக் கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று அவரது இடது கையில் ஒரு சின்ன ஸ்பேனரைக் கொடுத்தாள். கட்டில் சட்டத்தில் ஒரு முறை தட்டினால் ஆமாம். இரண்டு முறை தட்டினால் இல்லை. இப்படி ஒரு ஏற்பாடு.

அவரிடம் வேலை கற்றவன் ஒருவன் இருந்தான். ஒல்லியாக, எதிலும் நுழைந்து திருகிவிடுவான் என்பதால் அவன் பெயர் திருப்புளி. முதலாளி விழுந்த கையோடு அவன் எதிர்வரிசையில் சொந்தமாகக் கடை போட்டான். வந்த வாடிக்கையாளர்களையெல்லாம் மடக்கி, "அக்கா பாவம்ணே, தண்ணி பாக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி அனுப்பினான். அவளிடம் மிஞ்சியது ஷெட்டும், எண்ணெய்ப் பிசுக்கேறிய சாமான்களும், கட்டிலில் கிடக்கும் ஒரு மனிதரும்தான். ஷெட் போனால் திரும்ப மீன் கம்பெனிக்குத்தான் போகவேண்டும். கல்யாணத்துக்கு முன் அங்கே ஐஸ் தொட்டியில் கைவிட்டு இறால் உரித்தவள் அவள். நகக்கண்ணெல்லாம் வெளுத்து, விரல் மரத்து, ராத்திரி தலைமுடியில்கூட அந்த வாடை அடிக்கும். அங்கே மட்டும் மறுபடி கால் வைக்க மாட்டேன் என்று அவள் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள். அதனால் ஸ்பேனரை எடுத்தாள். இந்த முறை வெட்கப்பட்டுக் கழல ஒரு போல்ட்டும் தயாராக இல்லை.

முதலில் வந்தது ஒரு வலைக்காரரின் மோட்டார். ஓடியது, ஆனால் துளையிலிருந்து தண்ணீர் சொட்டுக்கூட வரவில்லை. அவள் கட்டிலருகே ஓடினாள்.

"என்னங்க, தண்ணி வரலைங்க. தண்ணி வர்ற துளை அடைச்சிருக்குமா?"

டங் டங் என்று இரண்டு தட்டு.

"பம்புக்குள்ள சுத்துற ரப்பரு போயிருச்சா?"

கணீரென்று ஒரே தட்டு.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மோட்டாரின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அடிப்பகுதியை, கழற்ற வேண்டும், அப்போதுதான் பம்பைப் பார்க்க முடியும். உப்புத் தண்ணீரில் ஊறிய போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அவளது உயிரை எடுத்தன. விரல் முட்டித் தோலெல்லாம் உரிந்தது. கடைசியில் பம்பைத் திறந்தால், உள்ளே ரப்பர் விசிறி நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது. ஒரு இதழ்கூட உடையவில்லை. நாக்குத் தள்ள எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஓடவிட்டாள். தண்ணீர் வரவில்லை.

எதிர்க்கடையிலிருந்து திருப்புளி கை துடைத்துக்கொண்டே வந்தான். "அக்கா, ஒரு நிமிஷம் தள்ளிக்கங்க" என்றான். ஒரு மெல்லிய கம்பியை அந்தத் துளைக்குள் விட்டுக் குடைந்து இழுத்தான். மண்ணாகக் கொட்டியது. கரையில் சும்மா கிடந்த மோட்டாரில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அடுத்த நொடி தண்ணீர் பீச்சி நேராக அவள் முகத்தில் அடித்தது. தெருவே கைகொட்டிச் சிரித்தது. "நீங்க தண்ணியப் பாருங்கக்கா, அது போதும்" என்றான் திருப்புளி.

அப்போதுதான் தகரச் சுவருக்குப் பின்னாலிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறிப்போய் ஓடினாள். வலிப்பில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் உயிருள்ள பாதி மட்டும் சிரித்தது, மற்ற பாதி சும்மா தொங்கியது. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

புரிந்துவிட்டது. தண்ணீர் வராத மோட்டாரில் துளை அடைப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது இந்தக் காதுக்குத் தெரியாதா? தெரிந்தே தன்னை நாள் முழுக்க மாடாக உழைக்க விட்டு, தெருமுனையில் மூக்கறுபட வைத்திருக்கிறார். அன்று அவருக்குக் கஞ்சியை ஆற வைக்காமல் கொடுத்தாள்.

அடுத்து வந்தது ஒரு சின்ன மோட்டார். தண்ணீர் நன்றாகப் பீச்சியது, ஆனால் கொஞ்ச நேரம் ஓடியதும் சூடேறி அலாரம் கத்தியது. அவரிடம் கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வேறு யாரைக் கேட்பது?

"அடியில தண்ணி உறிஞ்சுற சல்லடையா?" ஒரு தட்டு. "பம்பா?" ஒரு தட்டு. "தெர்மோஸ்டாட்டா?" கேட்டு முடிப்பதற்குள் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் வெளியே வந்து டிரம்மில் சாய்ந்து யோசித்தாள். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுகிற ஆள், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரமாக இல்லை என்கிறார்? தெர்மோஸ்டாட் என்பது ஒரு குட்டிக் கதவு. எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை உள்ளே விடும். அதை எடுத்துப் பார்த்தாள். உப்பு படிந்து, மூடியபடியே இறுகிக் கிடந்தது. புதிதாக ஒன்று போட்டாள். மோட்டார் பூனைபோல ஓடியது, அலாரம் வாயே திறக்கவில்லை.

அவளுக்குச் சாவி கிடைத்துவிட்டது. மனுஷர் பொய் சொல்வதில் ரொம்ப நேர்மையானவர். எது கோளாறோ அதை இல்லை என்பார், எது நன்றாக இருக்கிறதோ அதைக் கோளாறு என்பார். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்ல மாட்டார். இப்படி ஒரு கருவியை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அவர் பேச்சை அப்படியே கவிழ்த்துப் போட்டால் போதும்.

ஆனால் தான் பிழைத்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தால் அந்தக் கருவி கெட்டுப்போகுமே? ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டால்? அதனால் அன்று சாயங்காலமே கட்டிலருகே உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "எல்லாம் போச்சுங்க. எதை மாத்தினாலும் சரியாகலை. அந்த ஆளு திட்டிட்டு மோட்டாரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரம் லேசாக ஏறியது.

அதற்குப் பிறகு அழுகை அவளுக்குத் தினசரி வேலையாகிவிட்டது. பகலெல்லாம் அவர் பொய்யை வைத்து மோட்டார்களைச் சரிசெய்வாள், சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அழுவாள். முதலையே பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கும், அப்படி ஒரு அழுகை. சில நாள் மூக்கைச் சிந்துவாள், சில நாள் விதியைத் திட்டுவாள், சில நாள் "உங்க பேரைக் கெடுத்துட்டேங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். சொல்லப்போனால் அதில் அவளுக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்த ஜோக்குக்குச் சிரித்ததற்கு இப்போது வட்டியோடு அழுது தீர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். அவர் மேல் இரக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் இல்லை.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "காதுகிட்ட கேட்டுக்கிட்டுப் பண்றா போல" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது ஒருவகையில் நிஜம்தான். திருப்புளிக்கு வயிறு எரிந்தது. இப்போதெல்லாம் அவன் அக்கா என்று கூப்பிடுவதில்லை, ஏதோ முனகிவிட்டுப் போகிறான்.

இந்தச் சமயத்தில்தான் படகு முதலாளி வந்தார். முகத்துவாரத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆளேற்றிப் போகும் படகுகள் எல்லாம் அவருடையவை. அவர் வேலை கிடைத்தால் ஷெட்டை யாராலும் அசைக்க முடியாது. கிடைக்காமல் அது திருப்புளிக்குப் போனால், மற்றவர்களும் அவன் பின்னால் போய்விடுவார்கள். துறையில் எல்லாரும் படகு முதலாளியைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அவர் ஆட்களை விட்டு ஒரு பெரிய மோட்டாரைத் தூக்கி வந்து ஸ்டாண்டில் மாட்ட வைத்தார்.

"இந்தா பாரும்மா, இது பல பேர் பாத்துக் கைவிட்ட கேஸு. அந்தத் திருப்புளிப் பயலும் பம்புக்குப் புது ரப்பரு போட்டுப் பாத்தான், பிரயோசனமில்ல. மெதுவாப் போனா தண்ணி நல்லா அடிக்குது. முடுக்கினா கொஞ்ச நேரத்துல நூலாயிடுது, எஞ்சின் கொதிக்குது. இதைச் சரி பண்ணிட்டா என் படகு மொத்தமும் உன்கிட்டதான். முடியலைன்னா சொல்லிடு, ஷெட்டை இழுத்து மூடிட்டுப் போயிடலாம்."

"பண்ணிடலாங்க முதலாளி" என்றாள்.

அன்று முழுக்கத் தானாகவே பார்த்தாள். டிரம்மில் ஓடவிட்டால் தண்ணீர் ஜோராகப் பீச்சியது. டிரம்மில் ஒரு அளவுக்கு மேல் முடுக்க முடியாது. எங்கே கோளாறு என்று பிடிபடவில்லை. இருட்டுவதற்கு முன் வழக்கம்போல அழப் போய் உட்கார்ந்தாள். "இது கை நழுவிப் போச்சுன்னா மீன் கம்பெனிதாங்க" என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தையைச் சொன்னதும் ஐஸ் தொட்டியும் வெளுத்த விரல்களும் கண்முன் வந்தன. நடிக்க உட்கார்ந்தவள் நிஜமாகவே அழுதாள். சத்தமில்லாமல், மூச்சு மட்டும் தடுக்கித் தடுக்கி வரும் அழுகை.

அப்போது அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு இடது கையை நகர்த்தினார். அது தடவித் தடவி வந்து அவள் தலைமேல் உட்கார்ந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. அவளுக்கு உடம்பு ஒரு தடவை கூசியது. சந்தோஷத்தில் தட்டிக்கொடுக்கிறார் போல என்று நினைத்து எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை கேள்விகளோடு வந்து நின்றாள்.

"சல்லடையா?" இரண்டு தட்டு.

"பம்பா?" இரண்டு தட்டு.

"தெர்மோஸ்டாட்டா?" இரண்டு தட்டு.

"பிரஷர் வால்வா?" இரண்டு தட்டு.

அவள் கொஞ்சம் மலைத்தாள். வழக்கமாக ஒரே ஒரு இல்லைதான் வரும். இன்றைக்கு வரிசையாக வருகிறதே. ஒப்புக்குக் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"தண்ணி மேல போற குழாய்ல பழைய ரப்பர் துண்டு எதாச்சும் மாட்டியிருக்குமா?"

ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு தட்டு. அவள் முகத்தையே பார்த்தபடி, இன்னும் ஒரு தட்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு அடித்துச் சொல்கிறார் என்றால் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றபடி நாலு இல்லை என்றால் நாலு கோளாறு. இத்தனை பேர் கைபட்ட மோட்டாருக்கு நாலு வியாதி இருக்காதா என்ன? ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்ததால்தான் மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை என்று அவளுக்கு அழகாகக் கணக்கும் சரியாகிவிட்டது.

சல்லடையைக் கழற்றிச் சுரண்டினாள். திருப்புளி போட்ட ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போட்டாள். தெர்மோஸ்டாட் புதிது, வால்வு புதிது. காலைக் கழற்றியபோது தண்ணீர் மேலே போகும் அந்தச் செம்புக் குழாய் அவள் கண்ணெதிரே தொங்கியது. வாயை வைத்து ஒரு ஊது ஊதியிருக்கலாம். ஊதவில்லை. அவள் வேலை செய்த நேரமெல்லாம் தகரச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒற்றை ஒற்றையாகத் தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "எப்படிக் கிடந்து தவிக்கிறாரு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் முதலாளியின் ஆட்கள் வந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட வந்த படகோட்டி, "ஒரு தடவை தண்ணியில முடுக்கிப் பாத்துரலாமாக்கா?" என்று கேட்டான். "தேவையில்ல, நேரா ஆளேத்து" என்றாள். அவர் உண்மை சொல்லி அதை அவள் நம்பியிருந்தால்கூட ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பாள். பொய்யை நம்பியதால் அந்தச் சந்தேகமே அவளுக்கு வரவில்லை.

மறுநாள் முதல் படகு கிளம்பும்போது துறையில் போய் நின்றாள். வேலைக்குப் போகிறவர்கள், கூடைக்காரிகள், சைக்கிளோடு சிலர் என்று படகு நிறைந்திருந்தது. பின்பக்கம் தண்ணீர் விரல் தடிமனுக்குப் பீச்சியது. முதலாளி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வெயில்கூட அன்றைக்கு அவள் பக்கம் இருப்பதுபோல இருந்தது. படகு நடுவழிக்குப் போனதும் படகோட்டி முழுசாக முடுக்கினான். பின்வரிசையில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால் தண்ணீர் நூலானது அவன் கண்ணில் படவில்லை. அலாரம் ஒயரை எந்தப் புண்ணியவானோ எப்போதோ வெட்டிவிட்டிருந்தான்.

கரையிலிருந்து அவளுக்குக் கேட்டது. சத்தம் முதலில் கனத்தது, பிறகு ஏதோ கவ்விக்கொண்டதுபோல இழுத்து, டக்கென்று நின்றது. அதற்குப் பிறகு ஆட்கள் கூச்சல் போடுவது மட்டும்தான் கேட்டது. நீரோட்டம் படகைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. வேறு படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்ப்பதற்குள் பாதிப் பேர் கத்தித் தொண்டை கட்டியிருந்தார்கள். இறங்கியவர்கள் ஒருவர் விடாமல் முதலாளியைக் கிழித்தார்கள். எஞ்சினில் கை வைக்க முடியவில்லை. பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தது. ஒரேயடியாகத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

திருப்புளி எங்கிருந்தோ முளைத்தான். துறையிலேயே வைத்துக் காலைக் கழற்றி, அந்தச் செம்புக் குழாய்க்குள் கம்பியை விட்டான். உடைந்த ரப்பர் இதழ் ஒன்று வந்து விழுந்தது. அவன் பழைய ரப்பரை மாற்றியபோது தேடாமல் விட்ட துண்டாகத்தான் அது இருக்கும். மெதுவாக ஓடும்போது அடியில் சும்மா கிடக்கும், முடுக்கினால் மேலே போய் வழியை அடைக்கும். அதை அவன் இரண்டு விரலால் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"குழாயை ஊதிப் பாக்கக்கூடவா தெரியாது?" என்றார் முதலாளி. கத்தவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "நாளைக்கு மீன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். விடியறதுக்குள்ள போய் நில்லு. கூட்டம் வந்துடும்." அதற்குச் சிரிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவள் மனசு முதலாளியிடமும் இல்லை, திருப்புளியிடமும் இல்லை. ரப்பர் துண்டு. அவர் ஆமாம் என்றார். ஒன்றுக்கு மூன்று தடவை ஆமாம் என்றார். நாள் முழுக்கச் சுவருக்குப் பின்னாலிருந்து தட்டித் தட்டிச் சொன்னார். தான் நிஜமாக அழுததைக் கண்டு அந்த மனுஷர் மனசு இளகியிருக்கிறது. அதனால்தான் தலையில் கை வைத்திருக்கிறார். வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கு ஒரு நல்லது செய்தார், அதைத்தான் காலால் எட்டி உதைத்துவிட்டோம் என்று நினைத்தபடியே நடையை எட்டிப் போட்டாள். ஷெட் போன துக்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

நேராகப் போய்க் கட்டிலடியில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க. நீங்க எனக்காக உண்மையைச் சொன்னீங்க, நான் பாவி நம்பலைங்க. இத்தனை நாளா நீங்க சொல்றதைத் திருப்பிப் போட்டுத்தான் வேலை பாத்தேன். தினமும் வந்து அழுததெல்லாம் நடிப்புங்க. கடை நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான்…"

கட்டில் கிறீச்சிட்டது. அவள் நிமிர்ந்தாள். அவர் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. முகத்தின் உயிருள்ள பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

பிடித்திருந்த காலை விட்டாள். பிறகு கேட்டாள்.

"நான் திருப்பிப் போடறது உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு தட்டு.

"நேத்துதான் தெரிஞ்சுதா?"

இரண்டு தட்டு.

"முதல்லேர்ந்தேவா?"

ஒரு தட்டு.

தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் சரிசெய்த ஒவ்வொரு மோட்டாரும் இந்தத் தகரச் சுவரைத் தாண்டித்தான் டிரம்மில் ஓடியது. ஒவ்வொன்றும் சுத்தமாக ஓடுவதை அவர் படுத்தபடி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் வந்து எல்லாம் போச்சு என்று மூக்கைச் சிந்தியதையும் கேட்டிருக்கிறார். போயும் போயும் அந்தக் காதுக்கா அவள் காது குத்தப் பார்த்தாள்? நடிப்பு அழுகைக்கும் நிஜ அழுகைக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று உலகத்தில் ஒரு ஆளுக்குத் தெரியும் என்றால் அது இவருக்குத்தான். நிஜ அழுகை வரும்வரை பொய்யாகவே சொல்லிச் சொல்லி அவளைப் பழக்கியிருக்கிறார். அது வந்த அன்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, மறுநாள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"இந்த ஷெட் போனா உங்க மருந்தும் போகும், கஞ்சியும் போகும். அதுவும் தெரியுந்தானே?"

ஒரு தட்டு. தயக்கமே இல்லை. அந்த முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் தெரியவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்ற திருப்திதான் இருந்தது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் துறைக்குப் புறப்படும் முன் அவருக்காக வைத்திருந்த கஞ்சி பானையில் இருந்தது. அவருக்கு நேரம் தாண்டிவிட்டது. காலையிலிருந்து அவர் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. அவள் கஞ்சியைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஆவி அவர் மூக்குவரை போயிற்று.

"பசிக்குதா?"

ஒரு தட்டு.

"பசிக்கலையா? சரி." அவள் கிண்ணத்தை வாயில் வைத்து நிதானமாக ஒரு மடக்குக் குடித்தாள்.

அவர் சிரிப்பு நின்றது. புத்திசாலி மனுஷர், சீக்கிரமே புரிந்துகொண்டார். ஸ்பேனரை இறுகப் பிடித்து, நன்றாகக் கேட்கும்படி இரண்டு முறை தட்டினார்.

"வேணாமா?" என்றாள் அவள், அடுத்த மடக்கை விழுங்கிக்கொண்டே. "வேணாம்னா விடுங்க."